88 நாள் காத்திருப்பு

ஒருவழியாக பிராண்டிவைன் என்ற ரகத்தில் முதல் தக்காளி பழுத்துவிட்டது. நாற்று நட்டதிலிருந்து 88 நாள். விதை போட்ட நாளிலிருந்து எண்ணினால்... சரி, வேண்டாம்.

விதை 7ஆம் நாளே முளைத்தது. ஆனால் வெளிச்சம் போதாமல் நாற்றுகள் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டன. தூக்கிப் போட மனம் வரவில்லை. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டைப் பாதி வரை மண்ணில் புதைத்து நட்டேன். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போன இடத்திலெல்லாம் வேர் விடும். அதுதான் காப்பாற்றியது.

காய்ப்பு குறைவுதான், தோலில் வெடிப்பு வேறு. ஆனால் வட்டமாக நறுக்கினால் ஒரு துண்டே உள்ளங்கையை மறைக்கிறது!

கலப்பின ரகம் இல்லை, விதை போட்டால் தாய்ச்செடி மாதிரியே வரும் என்பதால் விதையை எடுத்து வைக்கிறேன். கண்ணாடிக் குவளையில் 2 நாளாகப் புளிக்கிறது. விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு கழன்றதும் கழுவிக் காயவைக்க வேண்டும். அதுவரை அந்த நாற்றத்துக்கு வீட்டில் எல்லோரும் என்னைத்தான் முறைக்கிறார்கள்.