தாய்ப்பத்திரம் எங்கே? புலவாயோ நாட்குறிப்பு

2024 அக்டோபர் 19, சனி

வெயில் தாங்கவில்லை. ஜக்கரண்டா மரங்கள் மட்டும் தெருவெல்லாம் ஊதாவாகக் கொட்டிக்கொண்டிருக்கின்றன.

ஒரு வாரமாக 1918ஆம் வருடத்துத் தீர்ப்பு ஒன்றைப் படித்து வருகிறேன். பிரிட்டிஷ் காலனிகளுக்குக் கடைசி நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், தெற்கு ரொடீசியா நில வழக்கு. இன்றைய ஜிம்பாப்வேதான் அது. இங்கே யாருக்கும் எழுதிக் கொடுக்காமல் கிடந்த நிலமெல்லாம் யாருக்குச் சொந்தம் என்பது கேள்வி. எங்களுக்குத்தான் என்றது பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி. இல்லை, நிலம் பிரிட்டிஷ் அரசருக்கு, கம்பெனி வெறும் காரியஸ்தன் என்றார்கள் சட்டசபையில் இருந்த வெள்ளைக் குடியேறிகள். 1914இல் அனுப்பிய கேள்விக்குப் பதில் வர நான்கு வருடம் ஆனது.

அப்பா பத்திர எழுத்தராக இருந்தவர். யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "தாய்ப்பத்திரம் எங்கே?" இந்த வழக்கையும் நான் அங்கிருந்துதான் தொடங்கினேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

கம்பெனியின் கையில் இருந்தவை இரண்டு தாள்கள்.

முதலாவது ரட் ஒப்பந்தம், 1888 அக்டோபர் 30. மாதம் 100 பவுண்டு, 1000 மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகள். இவற்றுக்கு ஈடாக இங்கிருந்த இண்டபேலே மக்களின் அரசர் லோபெங்குலா தந்தது கனிமங்களைத் தோண்டும் உரிமை. நிலம் அதில் இல்லை. பத்து வெள்ளைக்காரர்களுக்கு மேல் வரமாட்டார்கள் என்று பேச்சில் வாக்குக் கொடுத்ததை, மொழிபெயர்த்த பாதிரியார் ஹெல்மே பிறகு எழுதியிருக்கிறார். தாளில் அந்த வரி கிடையாது. பேசியது ஒன்று, எழுதியது ஒன்று என்றால் அப்பா பேனாவை மூடி வைத்துவிடுவார். லோபெங்குலாவும் சில மாதங்களிலேயே, அதில் இருப்பது என் வார்த்தை இல்லை என்று விக்டோரியா ராணிக்கு எழுதிவிட்டார். கேட்க ஆளில்லை. 1889 அக்டோபரில் கம்பெனிக்கு இங்கே ஆட்சி நடத்த ராணியின் பட்டயம் கிடைத்தது. அடுத்த வருடமே அதன் படை சாலிஸ்பரியில், இன்றைய ஹராரேயில், கொடி ஏற்றியது.

இரண்டாவது லிப்பர்ட் ஒப்பந்தம், 1891. நிலத்தைப் பற்றிப் பேசுவது இதுதான். கம்பெனியைத் தொடங்கிய செசில் ரோட்ஸின் ஆட்களுக்கு எதிராளி என்று நம்பித்தான் லிப்பர்ட் என்ற வியாபாரிக்கு 100 வருடத்துக்கு எழுதிக் கொடுத்தார் லோபெங்குலா. லிப்பர்ட் அதைக் கம்பெனிக்கே விற்றுவிட்டார்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன்.

அக்டோபர் 26, சனி

மட்டோபோ குன்றுகளுக்குப் போனோம். மலிண்டிட்சிமு என்றால் ஆவிகள் வாழும் இடமாம். அந்த மொட்டைப் பாறையின் உச்சியைக் குடைந்து ரோட்ஸைப் புதைத்திருக்கிறார்கள். பித்தளைத் தகட்டில் கை வைத்தால் சுடுகிறது. சுற்றிலும் நீலமும் பச்சையும் ஆரஞ்சுமாகத் தட்டைப் பல்லிகள் ஓடுகின்றன. ஒன்று ரோட்ஸின் பெயர் எழுத்துகள் மேலேயே ஏறி நின்று தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

கம்பெனியை நடத்தியவருக்கு இவ்வளவு பெரிய பாறை. கம்பெனியோடு நடந்த 1893 போரில் தோற்று, அடுத்த வருடம் எங்கோ ஒளிந்திருந்தபடியே இறந்த லோபெங்குலாவை நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீர்ப்பைப் படித்து முடித்தேன். எழுதியவர் சம்னர் பிரபு. லிப்பர்ட் தாள் நிலத்துக்கு உரிமைப் பத்திரமாகச் செல்லாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். கம்பெனி அரசரின் சார்பில் நிர்வாகம் பார்த்தது, அவ்வளவுதான். நிலம் அரசருடையது.

சரி, அரசரின் தாய்ப்பத்திரம் எது? 1893 போரில் கிடைத்த வெற்றி. வேறு எதுவும் இல்லை.

அந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்காகவும் வக்கீல்கள் வாதாடியிருக்கிறார்கள். சம்னர் மனித சமூகங்களையெல்லாம் மேலிருந்து கீழாக ஓர் அளவுகோலில் வரிசைப்படுத்தி, இவர்களைக் கீழ் முனைக்குப் பக்கத்தில் வைக்கிறார். உழுது, மாடு மேய்த்து, பெற்றோரைப் புதைத்த நிலத்தின் மேல் அவர்களுக்குச் சட்டம் மதிக்கிற உரிமை இல்லையாம். அந்தப் பத்தியை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கோபம்தான் வந்தது.

தோற்ற கம்பெனிக்குப் பணம் கிடைத்தது. ஆட்சி நடத்தியதில் கைவிட்டுப் போனதை அரசு ஈடுசெய்ய வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். கேவ் கமிஷன் சுமார் 44 லட்சம் பவுண்டு என்று கணக்கிட்டது. கடைசியில் 37.5 லட்சத்துக்கு 1923இல் முடித்தார்கள். கனிம உரிமை அப்போதும் கம்பெனியிடமே இருந்தது. அதற்கு 1933இல் இன்னும் 20 லட்சம். 1922இல் இதே அக்டோபர் 27ஆம் தேதிதான், தென்னாப்பிரிக்காவோடு சேர வேண்டாம், தனி அரசாக இருப்போம் என்று வெள்ளைக் குடியேறிகள் வாக்களித்தார்கள்.

லோபெங்குலாவின் மூத்த மகன் நியாமண்டா, நிலத்தைத் திருப்பித் தரும்படி 1919இல் ஜார்ஜ் அரசருக்கு மனு அனுப்பினார். நடக்கவில்லை.

அக்டோபர் 30, புதன்

ரட் தாளில் லோபெங்குலா குறியிட்டு இன்றோடு 136 வருடம்.

மதியச் சாப்பாட்டின்போது, அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் இண்டபேலே நண்பரிடம் வாடகை விஷயத்தைச் சொன்னேன். அந்த நிலத்தில் குடியிருந்த ஆப்பிரிக்கர்களிடம் 1909 முதலே கம்பெனி வாடகை வசூலித்தது. எந்த நிலம் கம்பெனிக்குச் சொந்தமே இல்லை என்று 1918இல் தீர்ப்பானதோ, அதே நிலத்துக்கு.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை மூடிவிட்டு, அப்புறம் சொன்னார்: "சொந்த ஊர் எது என்று கேட்டால் ஷங்கானி என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம். அது எங்கள் ஊர் இல்லை. கொண்டுபோய் விட்ட ஊர்."

நிலத்தை இழந்த இண்டபேலே மக்களுக்கென்று 1894இல் ஒதுக்கிய இரண்டு ரிசர்வ்களில் ஒன்று அது. தண்ணீருக்குத் திண்டாடும் மணல் காடு. பழைய ஊர் எங்கே இருந்தது என்று கேட்டேன். என் கையிலிருந்த தீர்ப்பு நகலின் கடைசித் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வரைந்தார். ஓர் ஓடை. ஓடை திரும்பும் இடத்தில் ஒரு மருலா மரம். மரத்துக்கு இந்தப் பக்கம் மாட்டுப்பட்டி. பாட்டி சொல்லக் கேட்டதாம், அவர் பார்த்ததில்லை. பட்டியின் வாசல் எந்தத் திசை என்பதில் மட்டும் சந்தேகம் வந்தது. வரைந்ததை அடித்துவிட்டு, கிழக்கே மாற்றிப் போட்டார்.