மூன்றாம் பிறையில் மாறியவன்: ஓர் ஓநாய்த் தொடரின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 9, 2025, சனி

இன்று பௌர்ணமி. கண் விழித்ததும், இணையத்தில் நான் எழுதிவரும் ஓநாய்மனிதன் காதல் தொடரின் 16-ஆம் எபியைப் (எபி என்றால் எபிசோட், அத்தியாயம்) படித்த ஒரு வாசகியின் செய்தி. "அக்கா, 9-ஆம் எபியில ஒரு பௌர்ணமி வந்துச்சு. அதுக்கப்புறம் கதையில 18 நாள்தான் ஓடியிருக்கு. 16-ல மறுபடியும் பௌர்ணமியா?"

உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். சரியாக 18. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 29.53 நாள். பதினெட்டாம் நாள் என்றால் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை. நகக்கீறல் அளவு நிலா. அதைப் பார்த்து, பௌர்ணமியில் மட்டுமே மாற வேண்டிய என் நாயகன் ருத்ரன் ஊளையிட்டு, எலும்பு முறிந்து, ஓநாயாகி, நாயகியின் ஜன்னல் வரை போய்விட்டு வந்திருக்கிறான். போன வாரம் முழுக்க அந்த எபிக்கு இதயங்கள் குவிந்தன. ஒருவரும் நிலாவைப் பார்க்கவில்லை, இந்தப் பெண்ணைத் தவிர.

எந்த நிலா என்று சொல்ல வேண்டும். என் நாயகியின் பெயரும் நிலாதான். பெயர் வைத்த நாளில் புத்திசாலித்தனமாகப் பட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

18-ஆம் எபி ஏற்றியாயிற்று. பிறைப் பிரச்சினையைத் தொடவில்லை.

பழைய எபியைத் திருத்திவிடலாம்தான். ஆனால் தொடர்கதையில் அச்சேறியதைத் திருத்துவது எனக்கு ஒப்பாத காரியம். வாரம் இரண்டு யூடி (அப்டேட், அதாவது புது எபி) என்று ஒப்புக்கொண்டு காத்திருந்து படித்தவர்கள் படித்தது ஒரு கதை, நாளை புதிதாக வருகிறவர் படிப்பது வேறு கதை என்றாகிவிடும். புத்தகம் எழுதுகிறவருக்கு அழிப்பான் உண்டு. எங்களுக்கு அடுத்த வாரம்தான் உண்டு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாற்றக் காட்சியில் மூன்று மணி நேரம். ஆங்கிலத்தில் இதை எழுதுகிறவர்களைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது. அவர்கள் வினைச்சொல்லைக் கவலையில்லாமல் போட்டுவிட்டுப் போகலாம். மனிதன் ஓடினாலும் விலங்கு ஓடினாலும் அங்கே ஒரே வினை. நமக்கு அப்படியா?

"ருத்ரன் மண்டியிட்டான். முதுகு வளைந்தது. கைகளை ஊன்றினான். நிமிர்ந்து..."

பார்த்தானா, பார்த்ததா?

எந்த வினைமுற்றில் அவன் 'அது' ஆகிறான்? நகம் நீளும்போதா? முகம் நீளும்போதா? இதுவரை வந்த எபிகளில் நான் செய்த தந்திரம், அந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்து அடுத்த பத்தியை "ஓநாய் எழுந்தது" என்று தொடங்குவது. வாசகர்கள் அதை சஸ்பென்ஸ் என்று நினைத்துக்கொண்டார்கள். அது என் இலக்கணப் பயம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விலங்கியல் படித்த தோழியிடம் மாற்றக் காட்சியை அனுப்பினேன். முத்தக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பற்களைப் பற்றிப் பேசினாள். மனிதனுக்கு 32 பல், ஓநாய்க்கு 42, மீதிப் பத்து எங்கிருந்து முளைக்கிறது, வலிக்காதா என்று. அப்புறம், "பின்னங்கால் முட்டி பின்பக்கமா மடிஞ்சதுன்னு எழுதியிருக்கே. அது முட்டி இல்லடி, குதிகால். ஓநாய் விரல்ல நடக்குது. அதோட குதிகால் தரையைத் தொடுறதே இல்ல." ஆக, ருத்ரன் மாறும்போது கால் திரும்பத் தேவையில்லை. பாதம் நீண்டு, குதிகால் மேலே ஏறினால் போதும். இதை வைத்து எழுதிப் பார்த்தால் பழைய எலும்பு நொறுங்கல்களைவிட நன்றாக வருகிறது. வலியும் கூடியது. யாரோ உள்ளிருந்து அவனை நுனிக்காலில் நிற்கச் சொல்வது மாதிரி.

நீலக் கண்ணும் போயிற்று. ஓநாய்க் குட்டிக்குத்தான் பிறக்கும்போது நீலக் கண். வளர்ந்த ஓநாய்க்கு மஞ்சளும் தேன் நிறமும்தான். "உன் ஹீரோ நாயோட கலந்த வம்சமா?" என்கிறாள். அட்டைப்படத்தில் அவன் கண்கள் மின்சார நீலத்தில் எரிகின்றன. அட்டையை மாற்றப் போவதில்லை. எனக்கும் ஆசாபாசம் உண்டு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

21-ஆம் எபியின் கீழே ஒரே ஒரு வரி வந்தது. எழுதியவர் இதுவரை ஒன்றும் எழுதியிராத சைலண்ட் ரீடர்.

"நிலாவுக்கு ருத்ரனைப் பிடிச்சிருக்கா? எங்கேயும் வரலையே?"

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மேட் கதையில், அதாவது விதியே துணையைச் சேர்த்துவைக்கும் கதையில், இப்படி ஒரு கேள்வியா? வாசம் பட்டதும் ஆல்ஃபாவுக்கு, அதான் கூட்டத்தின் தலைவனுக்கு, தெரிந்துவிடும், இவள்தான் என்று. அவளுக்கும் உடம்பு தெரிந்துகொள்ளும். இந்த வகைக் கதையின் வசதியே அதுதான். யாரும் யாரையும் கேட்க வேண்டாம், தயங்க வேண்டாம், மறுப்பு வருமோ என்று இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். நிஜத்தில் அந்தத் தயக்கம் எவ்வளவு களைப்பு தரும் என்று தெரிந்தவர்கள்தான் இதைத் தேடி வருகிறோம். நானும் வாசகியாக அப்படி வந்தவள்தான். அதைக் கேலி செய்ய மாட்டேன்.

ஆனாலும் 21 எபியையும் திறந்து நிலா வரும் வரிகளை மட்டும் படித்தேன். வாசம் அவளை இழுத்தது. பந்தம் அவளைக் கட்டியது. உடல் நடுங்கியது. இதயம் துடித்தது. கால்கள் அவனை நோக்கி நடந்தன.

எழுவாய் எல்லாமே அஃறிணை. நிலா என்று ஒருத்தி தானாகச் செய்த வினையை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓநாயாக மாறுகிறவனுக்கு 'அவனா அதுவா' என்று மூன்று மணி நேரம் தவித்தேன். மாறவே மாறாத மனுஷியை 21 எபியாக 'அது'க்களிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

22 ஏற்றவில்லை. "ரைட்டர்ஜிக்கு உடம்பு சரியில்லையா?" உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 30, சனி

ஆல்ஃபா என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய் இரண்டு நாள் காணாமல் போனேன்.

1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் தொடங்குகிறது. அடைப்புக்குள் ஓயாத சண்டை, ஜெயித்தது தலைமை. 1970-இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச் எழுதிய நூல் இந்தத் தலைவன் படிநிலையை உலகமெங்கும் கொண்டுபோனது. பிறகு அதே மீச் 1986 முதல் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களுடன் கோடைக்காலங்களைக் கழித்தார். அங்கே அவர் கண்ட கூட்டம் ஒரு குடும்பம். அம்மா, அப்பா, வெவ்வேறு ஈற்றுப் பிள்ளைகள். 'ஆல்ஃபா' என்றால் அப்பா, அவ்வளவுதான். 1999-இல் அந்தச் சொல்லே பொருந்தாது என்று கட்டுரை எழுதினார். தன் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்திடம் பல ஆண்டு மன்றாடினார். 2022-இல்தான் நிறுத்தினார்கள்.

தன் 1970-ஐத் திருத்த ஒரு மனிதர் இத்தனை ஆண்டு அலைந்திருக்கிறார். எனக்கு என் 16-ஆம் எபி.

இன்னொன்றும் படித்தேன். வளர்ந்த பிள்ளைகள் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் பெரும்பாலும் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகின்றன. தனியாக அலைந்து, அதேபோல் எங்கிருந்தோ கிளம்பி வந்த இன்னொன்றைச் சந்தித்தால் அந்த இரண்டும்தான் அடுத்த கூட்டம். நம் கதைகளில் கூட்டத்தைவிட்டுப் போகிறவனை 'ரோக்' என்று வில்லனாக்குகிறோம். காட்டில் அவன்தான் மாப்பிள்ளை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது! அழியாமல் இருக்க உடனே எழுதி வைக்கிறேன்.

ருத்ரனின் கூட்டம் மதிலுக்குள் வாழ்கிறது என்று 2-ஆம் எபியிலேயே எழுதியிருக்கிறேன். அழகுக்காக எழுதியது. அந்த மதில்தான் பாசல் கூண்டு. பெரிய ஆல்ஃபா எங்கெங்கிருந்தோ ஆட்களைக் கொண்டுவந்து அடைத்திருக்கிறார், அதனால்தான் அங்கே படிநிலை. "பௌர்ணமியில் மட்டும்தான் மாற முடியும்" என்பதும் அவர் போட்ட சட்டம். மாதம் ஓர் இரவு காவல் போட்டால் போதுமே! ருத்ரன் மூன்றாம் பிறையில் மாறியது பிழை இல்லை. அந்தச் சட்டம் பொய் என்பதற்கு முதல் சாட்சி.

பௌர்ணமிச் சட்டம் நிஜத்திலும் புதுசுதான். கிரேக்கக் கதையில் லைக்கேயோன் ஓநாயானது சாபத்தால், நிலாவுக்கு வேலையே இல்லை. 12-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கதை ஒன்றில் பிரபு வாரத்துக்கு மூன்று நாள் ஓநாய், கிழமைக் கணக்கு. ரோமானியக் கதை ஒன்றில் நிலா பகல்போல் காய்கிறது, ஆனால் வெளிச்சத்துக்கு மட்டும். முழு நிலாவைக் கட்டாயமாக்கி ஊரெல்லாம் பரப்பியதில் பெரும் பங்கு 1940-களின் ஹாலிவுட்டுக்கு.

அந்தப் பிரெஞ்சு, ரோமானியக் கதைகள் இரண்டிலும் உடைதான் பெரிய விஷயம். கழற்றி வைத்த உடையை மனைவி ஆள் வைத்து எடுத்துவிட்டதால் அந்தப் பிரபுவுக்கு மனிதனாகத் திரும்ப முடியாமல் போகிறது. நாம் உடையைக் கிழித்துக்கொண்டே போகிறோம். எத்தனை சட்டை!

செப்டம்பர் 2, செவ்வாய்

22, 23 இரண்டையும் சேர்த்து ஏற்றினேன். நிலா மதிலைச் சுற்றி நடக்கிறாள். 'நடந்தாள்' என்று எழுதவே சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

முழுச் சந்திர கிரகணம். 82 நிமிடம் நிலா முழுக்க நிழலுக்குள் கிடந்தது, துருப்பிடித்த செம்புபோல. மாடியில் நின்று பார்த்தேன். பௌர்ணமிதான், ஆனால் பௌர்ணமி வெளிச்சம் இல்லை. என் ஆட்களில் யாராவது இதில் மாட்டினால்? பாதி மாறி நிற்பார்களா?

எழுதத் தோன்றியது வேறு. ஓநாய்க்கு நாயைப்போலவே சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. ருத்ரன் மனிதனாக நின்று பார்க்கும்போது நிலா சிவப்பு. மாறியபின் அந்தச் சிவப்பு அணைந்துவிடும். "நிறம் போனதும் தான் மாறிவிட்டோம் என்று தெரிந்தது." இந்த வரியை எந்த எபியிலாவது வைத்தே தீருவேன். (11-இல் ஓநாயான அவன் நாயகியின் சிவப்புச் சட்டையில் மயங்குகிறான். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.)

செப்டம்பர் 16, செவ்வாய்

27-ஆம் எபியில் நிலா மதில் தாண்டிப் போய்விட்டாள். துரத்தப்படவில்லை, கடத்தப்படவில்லை. கிளம்பினாள். கேட்கவே வேண்டாம். "பிரிச்சிடாதீங்க சிஸ்." "ஹெச்.இ., அதான் ஹாப்பி எண்டிங், உண்டுதானே? இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க, நிறுத்திக்கிறேன்." ஒருவர் பதினோரு அழுகை முகங்கள் மட்டும் போட்டிருந்தார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

நிராகரிப்புக் காட்சி. இந்த வகையில் அதற்கென்று ஒரு வாய்ப்பாடே உண்டு. முழுப் பெயர், கூட்டத்தின் பெயர், பதவி எல்லாம் சொல்லி, பத்திரப் பதிவு வாசிப்பதுபோல் "உன்னை என் துணையாக ஏற்க மறுக்கிறேன்" என்பார்கள். எனக்கு அது வேண்டாம். பெரிய ஆல்ஃபா கூட்டத்தின் நடுவே நின்று நிலாவைப் பற்றிச் சொல்லப்போவது இரண்டே சொல்: "அது போகட்டும்."

பள்ளியில் படித்த வழுவமைதி ஞாபகம் வந்தது. நன்னூல் ஐந்து காரணம் சொல்கிறது, திணை மாறிப் பேசினாலும் குற்றமில்லை என்பதற்கு: உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல் (கோபம்), இழிப்பு. பசு வருவதைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது உவப்பு. ஆல்ஃபா சொல்வது இழிப்பு. அப்படியென்றால் ருத்ரன் ஓநாயாக ஓடும்போது 'ஓடினான்' என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அது அவனிடம் உவப்பு உள்ளவளுக்கு உண்டு. அவள் சொல்லும் வரை 'ஓடியது' என்றே எழுதுவேன். சொன்னால், அந்தச் சைலண்ட் ரீடரின் கேள்விக்கு அதுதான் பதில்.

ஆகஸ்ட் 17-இன் மூன்று மணி நேரம் வீணாகவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

31 ஏறியது. ஆல்ஃபா பேசிவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் ஆறு பேர்: "சிஸ், எழுத்துப்பிழை. 'அது' இல்ல, 'அவள்'னு வரணும்."

ஆறு பேருக்கும் நன்றி மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 3, வெள்ளி

32. ஆற்றங்கரை. நிலா தனியாக. எதிர்க்கரையில் ஓர் ஓநாய் வந்து நிற்கிறது. தேன் நிறக் கண். அவனும் மதிலை விட்டுக் கிளம்பியிருக்கிறான், இவளைத் தேடி அல்ல. காற்று எதிர்ப்பக்கம் வீசுவதால் வாசம் இல்லை, இழுப்பு இல்லை. பந்தம் வந்து உதவாத இடமாகப் பார்த்துத்தான் நிறுத்தினேன்.

அவளுக்கு மூன்று வரி பேச்சு எழுதி மூன்றையும் அழித்தேன். நேரில் பேசினால் 'நீ' என்றுதான் சொல்வாள். 'நீ வந்தாய்' என்பதில் திணையே தெரியாது, மனிதனுக்கும் விலங்குக்கும் ஒன்றேதான். தப்பித்துக்கொள்ள நல்ல இடம். ஆனால் நான் இரண்டு மாதமாகக் காத்திருந்தது வேறு சொல்லுக்கு. அதனால் அவளைப் பேசவிடாமல், அன்றிரவு அவள் தன் குறிப்பேட்டில் எழுதுவதாக முடித்தேன்:

"இன்று கரைக்கு வந்தான். நீர் குடித்தான். நான் எழுந்து போகவில்லை."

அக்டோபர் 7, செவ்வாய்

பௌர்ணமி. கணக்கு போட்டுப் பார்த்துவிட்டேன், கதையில் இன்று தேய்பிறை எட்டாம் நாள். சரியாக இருக்கிறது.

அந்த மூன்று வரிக்குக் கீழே அதிகம் பேச்சில்லை. "அடுத்த யூடி எப்போ" என்று வழக்கம்போல். ஆகஸ்ட் 22-இல் கேட்ட அந்தச் சைலண்ட் ரீடர் ஓர் இதயம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிறையை எண்ணிய பெண் மட்டும் நீளமாக எழுதியிருக்கிறாள்: "அக்கா, 12-ஆம் எபியில ருத்ரன் மாறும்போது சட்டையை மரப்பொந்துல வெச்சான். அந்த மரம் மதிலுக்கு உள்ள இருக்கு. இப்ப அவன் வெளிய. 33-ல மனுஷனா மாறினா என்ன போட்டுக்குவான்?"

33-ஆம் எபிக்கு இன்று இரவு ஒன்பது மணி கெடு. இப்போது ஏழரை.