அம்மாப்பேட்டை மாடியில் ஈ-பைக் பேட்டரிக்கு சோலார் சார்ஜ்

சேலத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. எலக்ட்ரிக் சைக்கிள் பேட்டரியை வீட்டு கரண்ட் எடுக்காமல் மாடி வெயிலிலேயே ஏற்ற முடியுமா என்று பார்த்தேன், நன்றாகவே ஏறுகிறது. பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர், லித்தியம் அயான். முழுசாக ஏறினால் 42 வோல்ட்.

பக்கத்து வீட்டில் வயரிங் வேலை பார்க்கும் அண்ணன், "பேசாம ஒரு இன்வெர்ட்டர் வெச்சு, வண்டியோட வந்த சார்ஜரையே மாட்டிடு தம்பி" என்றார். சுலபம்தான், ஆனால் பேனலில் வரும் டிசி ஒரு லெட் ஆசிட் பேட்டரிக்குள் போய், ஏசியாகி, சார்ஜரில் மறுபடி டிசியாகி வருவதற்குள் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சூடாகவே போய்விடும். அதனால் பூஸ்ட் எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனலிலிருந்து முடிந்த அளவு பவரை எடுத்து, வோல்டேஜை பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்தித் தரும் கருவி) வழியாக நேராகவே கொடுத்தேன்.

பேனல் 100 வாட்டில் இரண்டு. சீரிஸில் போட்டால் 36 வோல்ட் வந்துவிடுமே என்று தோன்றும். ஆனால் லோடு இல்லாதபோது ஒவ்வொன்றும் 22 வோல்ட் வரை நிற்கும், சேர்ந்தால் 44, அது பேட்டரியைவிட அதிகம். இந்த வகை கன்ட்ரோலருக்கு வோல்டேஜை உயர்த்தத்தான் தெரியும், குறைக்கத் தெரியாது. பேனல் பக்கம் அதிகமானால் கரண்ட் கட்டுப்பாடில்லாமல் பாயும். ஆகவே பேரலல்தான் சரி. ஆம்பியர் கூடுவதால் 4 ஸ்கொயர் எம்எம் வயர், நடுவில் ஃபியூஸ். தென்னங்கீற்று நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் மற்றது தன்பாட்டுக்கு வேலை செய்வது இதில் கூடுதல் லாபம். மாட்டும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது பேனல்தான் முதலில்.

இங்கே உண்மையான தொல்லை சூடுதான். பேனலில் எழுதியிருக்கும் வாட் எல்லாம் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது, மே மாத மதியத்தில் அது 65 டிகிரிக்குப் போனால் ஆறில் ஒரு பங்கு அங்கேயே குறைந்துவிடும். பேட்டரிக்கு அதைவிடக் கண்டிப்பு வேண்டும், 45 டிகிரிக்கு மேல் லித்தியத்துக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது. அதனால் பேட்டரியை மாடியில் வைக்காமல் வயரைக் கீழ்வீட்டுக்கு இறக்கிவிட்டேன். கரண்டை 3 ஆம்பியரோடு நிறுத்தி, 41 வோல்ட்டில் கட் ஆகும்படி வைத்திருக்கிறேன், பேட்டரி நிறைய நாள் உழைக்கும். எப்போதாவது ஒருமுறை 42 வரை விடுவேன், உள்ளே இருக்கும் செல்கள் எல்லாம் சமமாக வேண்டுமே.

இதை வைத்து ஏற்காடு போகலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு, சுமார் 1200 மீட்டர் ஏற்றம். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால் உயரத்துக்கு மட்டுமே கிட்டத்தட்ட 330 வாட் ஹவர் வேண்டும், என் பேட்டரியின் மொத்தமே 360. மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் பத்தாது, கூடவே பெடல் மிதித்தே ஆக வேண்டும். அதே அளவில் இன்னொரு பேட்டரி வாங்கப் போகிறேன், பகலில் ஒன்று வண்டியில் ஓடும்போது மற்றது வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும், மலைக்குப் போகும்போது இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.