வராத பில் பணத்தைக் கவுன்சில் வழியாக வசூலிப்பது: அம்பத்தூரிலிருந்து ஓர் அனுபவக் குறிப்பு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓடும் அசெம்பிளி லைன்களுக்கு அம்பத்தூர், திருமுடிவாக்கம், கிண்டி எஸ்டேட்களின் சின்னப் பட்டறைகளிலிருந்து தினமும் புஷ், பின், பிராக்கெட் போய்க்கொண்டிருக்கிறது. சரக்கு போகிற வேகத்தில் பணம் திரும்பி வருவதில்லை. "அடுத்த பேமென்ட் ரன்ல வந்துரும் சார்" என்ற பதிலிலேயே ஒரு காலாண்டு கரைந்துவிடும். ஜிஎஸ்டி மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது. 4,00,000 ரூபாய் பில்லுக்கு 18 சதவீதம் என்றால் 72,000 ரூபாய். உள்ளீட்டு வரவு (நாம் வாங்கியபோது கட்டிய ஜிஎஸ்டி) போக மீதியை அடுத்த மாதம் 20-ஆம் தேதி 3பி (மாதாந்தர ஜிஎஸ்டி படிவம்) தாக்கல் செய்யும்போது நாம் கட்டியாக வேண்டும். வராத பணத்துக்கு வரி கட்டிவிட்டு, கூலிக்கும் கரண்டுக்கும் ஓடி (ஓவர்டிராஃப்ட்) எடுத்து வட்டி கட்டுவதுதான் பல பட்டறைகளின் நிலைமை.

இதற்கென்றே 2006-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். அதன் 15 முதல் 24 வரையிலான பிரிவுகள் முழுக்க இந்தப் பாக்கியைப் பற்றியவை. இந்த வழக்குகளை விசாரிக்க அந்தச் சட்டப்படி மாநில அரசு அமைத்திருக்கும் அமைப்புதான் கவுன்சில். எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் வர வேண்டும். ஆனால் அந்தக் கெடு எக்காரணம் கொண்டும் 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டர்) "90 நாள் கிரெடிட்" என்று அச்சடித்திருந்தாலும் சட்டத்தின் முன் அது 45 நாள்தான். பி.ஓ.வில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி என்ன கேட்பது என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிற்கத் தேவையில்லை.

நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. பில் தேதியிலிருந்து எண்ணுவதில்லை, வாங்குபவர் சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து எண்ண வேண்டும். சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால், இறங்கிய தேதியே ஏற்பு தேதியாகிவிடும். ஆட்சேபம் வந்தால், நாம் அதைச் சரிசெய்து கொடுத்த தேதி ஏற்பு தேதி. ஆக, சரக்கு இறங்கியதற்குச் சான்றும், முதல் 15 நாளில் ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்ற நிலையும் கையில் இருந்தால் வழக்கில் பாதி முடிந்த மாதிரி. கவுன்சிலில் நாம் என்ன பேசுகிறோம் என்பதைவிட, டெம்போ டிரைவர் திரும்பிக் கொண்டுவந்த டெலிவரி சலானில் கேட் சீல் இருக்கிறதா என்பதுதான் அங்கே எடுபடுகிறது.

அந்த சலானைச் சற்று உற்றுப் பாருங்கள். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ஒரு சீல் வைப்பார்: உள்ளே வந்த நேரம், வரிசை எண், தேதி. ஸ்டோர்ஸில் இன்னொரு கையெழுத்து. நம் பிரதியில் சீல் பாதி மங்கியிருக்கும், தேதி தெரியாது. அப்படியே வாங்கி வந்தால் ஒரு வருடம் கழித்து அது வெறும் காகிதம். தேதி படிக்கும்படி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து, இல்லையென்றால் பேனாவால் எழுதி வாங்கிவர டிரைவரைப் பழக்குங்கள். அன்றே போனில் படம் எடுத்து மாதவாரியாகப் போட்டு வையுங்கள். ஸ்டோர்ஸ் தரும் ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கான சீட்டு) கிடைத்தால் இன்னும் நல்லது. வெண்டர் போர்ட்டலில் ஜிஆர்என் எண் தெரியும்போதே அந்தத் திரையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தகராறு வந்த மறுநாளே லாகின் வேலை செய்யாமல் போவது சகஜம். சரக்கு மதிப்பு தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்தையோ வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாயையோ தாண்டினால் இ-வே பில் இருக்கும். அதுவும் சேர்ந்து நிற்கும் ஒரு சான்று.

அடுத்தது உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனம் என்று மத்திய அரசிடம் ஆன்லைனில் செய்யும் பதிவு. இது இலவசம், ஆதாரும் பானும், ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு அந்த எண்ணும் போதும். இடைத்தரகர் யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இங்கே மூன்று இடங்களில் சறுக்கும். முதலாவது, பதிவு செய்வதற்கு முன் அனுப்பிய சரக்குக்கு இந்தச் சட்டத்தின் பலன் கிடையாது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. 2025-ல் இந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். பாக்கி விழுந்த பிறகு அவசரமாகப் பதிவு செய்து பழைய பில்லைத் தூக்கிக்கொண்டு போனால் முதல் விசாரணையிலேயே எதிர்த்தரப்பு வக்கீல் தேதியைக் காட்டிவிடுவார். இரண்டாவது, தொழில் வகைக் குறியீடு. உத்யமில் மொத்த, சில்லறை வியாபாரம் மட்டும் இருந்தால் பாக்கி வசூலுக்கு உதவாது. வியாபாரிகளுக்கு அந்தப் பதிவு முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. உற்பத்தியோ சேவையோ செய்கிறீர்கள் என்றால் அந்தக் குறியீடு சான்றிதழில் ஏறியிருக்க வேண்டும். மூன்றாவது, அளவு. குறுவும் சிறுவும்தான் மனு போடலாம், நடுத்தர நிறுவனம் போட முடியாது. 2025 ஏப்ரல் முதல் சிறு நிறுவனத்துக்கான வரம்பு முதலீட்டில் 25 கோடி, விற்றுமுதலில் 100 கோடி என்பதால் பட்டறைகள் அதற்குள் தாராளமாக அடங்கும். உத்யம் எண்ணை எல்லா பில்லிலும் அச்சடித்துவிடுங்கள். "இவர்கள் சிறு நிறுவனம் என்றே எங்களுக்குத் தெரியாது" என்பது வாங்குபவர் தரப்பின் ஆதிகாலத்துப் பதில்.

நேராகப் புகாருக்குப் போவதற்கு முன் ஒரு கடிதம். அதில் உணர்ச்சி வேண்டாம். பில் எண், தேதி, ஏற்பு தேதி, கெடு முடிந்த தேதி, தொகை, இன்று வரை வட்டி என்று ஒரு பட்டியல். கீழே மூன்று வரிகள். ஒன்று, சிறு நிறுவனத்துக்குச் சட்டக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுத்த பிறகுதான் செலவாகக் கழிக்க முடியும் என்ற வருமான வரி விதி. ஆடிட்டர்கள் 43பி(எச்) என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான், 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. இரண்டு, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அவர்கள் எடுத்த ஜிஎஸ்டி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். மூன்று, அது கம்பெனியாக இருந்தால் 45 நாள் தாண்டிய பாக்கிகளை எம்எஸ்எம்இ ஃபார்ம் 1-ல் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கம்பெனிப் பதிவாளரிடம் காட்ட வேண்டும். கடிதம் பர்ச்சேஸுக்குப் போனால் குப்பைக்குத்தான் போகும். அக்கவுண்ட்ஸ் தலைமைக்கும் கம்பெனி செக்ரட்டரிக்கும் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். நம் அனுபவத்தில் கணிசமான பாக்கிகள் இந்தக் கட்டத்திலேயே அசைகின்றன. மார்ச் மாதம் அனுப்பினால் இன்னும் வேகம்.

வட்டியைச் சரியாகப் போடத் தெரிய வேண்டும். சட்டம் சொல்வது ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 18, மாதத்துக்கு 1.5. 4,72,000 ரூபாய் பில்லுக்கு 12 மாதம் தாமதம் என்றால் வட்டி மட்டும் 92,332 ரூபாய். ரெப்போ விகிதம் வேறு, வங்கி விகிதம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கணக்குப் போட்டால் எதிர்த்தரப்பு அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பட்டியலையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும். ரிசர்வ் வங்கி விகிதத்தை மாற்றிய தேதிகளைத் தனிப் பத்தியாகக் காட்டிவிடுங்கள்.

மனு ஆன்லைனில்தான். 2017 அக்டோபரில் தொடங்கிய சமாதான் போர்ட்டல்தான் பல வருடம் இதற்கு வழி. 2025 ஜூன் 27-ல் மத்திய அரசு ஓடிஆர் என்ற இணையவழித் தீர்வு போர்ட்டலைத் தொடங்கியது. அதில் கவுன்சிலுக்குப் போவதற்கு முன்பே இரு தரப்பும் பேரம் பேச ஒரு கட்டம் உண்டு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கு மண்டல கவுன்சில்கள். இதில் நமக்குப் பெரிய சாதகம், எல்லை நம் பட்டறை இருக்கும் இடத்தைப் பொறுத்தது. வாங்கியவர் புனேயிலோ குர்கானிலோ இருந்தாலும் வழக்கு சென்னையில்தான். பி.ஓ.வின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் "நீதிமன்ற எல்லை மும்பை", "நடுவர் எங்கள் தேர்வு" என்றெல்லாம் இருந்தாலும் இந்தச் சட்டம் அதற்கு மேல் நிற்கும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. வாங்குபவர் அரசுத் துறையாகவோ பொதுத்துறை நிறுவனமாகவோ இருந்தாலும் மனு போடலாம்.

மனுவை நிரப்பும்போது மிக அதிகமாக வரும் தப்பு எதிர்மனுதாரரின் பெயர். ஒரே குழுமத்தில் மூன்று கம்பெனி இருக்கும். பி.ஓ. ஒன்றின் பெயரில், பில் இன்னொன்றின் பெயரில், பணம் வந்துகொண்டிருந்தது மூன்றாவதின் கணக்கிலிருந்து. பி.ஓ.வில் இருக்கும் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் போடுங்கள். பல பில்கள் பாக்கி என்றால் லெட்ஜரை முதலிலிருந்து இணைத்து, வந்த பணத்தை எந்தப் பில்லில் வரவு வைத்தீர்கள் என்று காட்டுங்கள். "ஆன் அக்கவுண்ட்" என்று மொத்தமாக வரவு வைத்திருந்தால் எந்தப் பில் நிலுவை என்பதே சண்டையாகிவிடும். காலவரையறையும் முக்கியம். சமரசத்துக்கு அது தடையில்லை, நடுவர் கட்டத்தில் தடை என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. மூன்று வருடத்துக்குள் மனு போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். ஒவ்வொரு மார்ச் 31-க்கும் பாக்கி உறுதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்தால் அந்தத் தேதியிலிருந்து கணக்கு புதிதாக ஓடும்.

மனு போவதற்கு முன் கம்பெனிப் பதிவாளர் தளத்தில் அவர்கள் நிலைமையைப் பார்த்துவிடுங்கள். திவால் நடவடிக்கை தொடங்கி மொரட்டோரியம் (வழக்குகளுக்குத் தடைக்காலம்) வந்திருந்தால் கவுன்சில் வழக்கு நகராது. அப்போது திவால் நடவடிக்கையை நடத்த நியமிக்கப்பட்ட தீர்வாளரிடம் ஃபார்ம் பி-யில் உரிமை கோர வேண்டும், அதற்கும் கெடு உண்டு.

முதலில் சமரசம். தொழில் துறை அதிகாரி தலைமையில் தொழில் சங்கம், வங்கி போன்ற தரப்புகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருப்பார்கள். வக்கீல் கட்டாயமில்லை. உரிமையாளரே போகலாம். கூட்டு நிறுவனம் என்றால் அதிகாரக் கடிதம், கம்பெனி என்றால் போர்டு தீர்மானம் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் அன்றைய நாள் வீண். இங்கேதான் டெபிட் நோட் (பில்லில் இவ்வளவு கழிக்கிறோம் என்ற சீட்டு) முளைக்கும். எட்டு மாதம் வாய் திறக்காமல் இருந்தவர்கள் ரிஜெக்‌ஷன், லைன் ஸ்டாப்பேஜ் என்று தேதி போட்டுக் கொண்டுவருவார்கள். அந்த 15 நாள் விதி இப்போதுதான் கைகொடுக்கும்: ஆட்சேபத்தை எழுதி அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையிலேயே ரிஜெக்ட் ஆகி நாம் திரும்ப எடுத்துவந்த சரக்கு இருந்தால் அதற்கான கிரெடிட் நோட்டை நாமே முதலில் வைத்துவிட வேண்டும். மறைத்தது தெரிந்தால் மீதிப் பட்டியலையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பெரும்பாலும் அங்கே வரும் பேரம்: "அசலை வாங்கிக்கொள்ளுங்கள், வட்டியை விட்டுவிடுங்கள்." இதில் கௌரவம் பார்க்கத் தேவையில்லை. மறுபடி ஆர்டர் வேண்டிய இடம் என்றால் வட்டியில் விட்டுக்கொடுப்பதில் நியாயமிருக்கிறது. உறவு முறிந்துவிட்டது என்றால் விடக் காரணமில்லை. எப்படியானாலும் வாய்மொழிச் சமாதானத்தை நம்பி மனுவை வாபஸ் வாங்காதீர்கள். தவணைத் தேதிகளோடு எழுதி இருதரப்பும் கையெழுத்திட்டு, சமரசம் செய்துவைத்தவர் உறுதிசெய்த ஒப்பந்தமாகப் பதியச் சொல்லுங்கள். நடுவர் தீர்ப்புச் சட்டப்படி அதற்குத் தீர்ப்புக்குச் சமமான பலம் உண்டு. கடைசித் தவணை கணக்கில் ஏறிய பிறகு முடித்துக்கொள்ளலாம்.

சமரசம் முறிந்தால் கவுன்சிலே நடுவராக விசாரிக்கும், அல்லது வேறு அமைப்புக்கு அனுப்பும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் அதைவிட இழுக்கும் என்று எண்ணியே பணப் புழக்கத்தைத் திட்டமிடுங்கள். தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்து அவர்கள் அதை ரத்து செய்யக் கோர்ட்டுக்குப் போனால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். சும்மா இழுத்தடிக்க நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் பேச வருகிறார்கள். மேல்முறையீடும் இல்லை, பணமும் இல்லை என்றால் நிறைவேற்று மனு போட வேண்டும். அதற்கு வக்கீல் தேவை. அவர்களுடைய வங்கிக் கணக்கு, சொத்து விவரம் நம்மிடம் இருக்க வேண்டும். முன்பு பணம் வந்த ஆர்டிஜிஎஸ் விவரங்களை அழிக்காமல் வைத்திருப்பது இதற்குத்தான்.

வாங்குபவர் பெரிய கம்பெனி என்றால் இவ்வளவு தூரம் போகாமல் ட்ரெட்ஸில் (பில்லின் பேரில் வங்கிகளிடமிருந்து முன்கூட்டியே பணம் பெறும் இணையத் தளம்) பில்லை ஏற்றச் சொல்லிக் கேட்கலாம். விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் அதில் சேர்ந்தாக வேண்டும் என்பது இப்போது விதி. ஆனால் பில்லை அவர்கள் அதில் ஏற்றுக்கொண்டால்தான் பணம் முன்கூட்டி வரும், சேர்ந்திருப்பது மட்டும் போதாது.

வட்டி கைக்கு வந்ததும் முழுவதும் நம்முடையது என்று நினைக்க வேண்டாம். வட்டிக்கு டிடிஎஸ் பிடித்திருப்பார்கள், அதை 26ஏஎஸ்-ல் (வருமான வரித் துறை காட்டும் வரிப் பிடித்தக் கணக்கு) சரிபாருங்கள். தாமத வட்டி ஜிஎஸ்டி-யில் சரக்கின் மதிப்போடு சேரும் என்பதால், வந்த மாதத்துக் கணக்கில் அதற்கும் வரி காட்டியாக வேண்டும். ஒப்பந்தம் எழுதும்போதே வட்டித் தொகை ஜிஎஸ்டி உட்படவா, தனியா என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், பிறகு அதை நம் கையிலிருந்து கட்ட வேண்டி வராது.