மடையான் நிற்கிறதா, இரை தேடுகிறதா?

தேரூர் குளக்கரையில் இரண்டு பேர் ஒரே மடையான் கொக்கைப் பார்த்து, அது என்ன செய்கிறது என்று தனித்தனியே குறிக்கிறார்கள். ஒருவர் ‘இரை தேடல்’ என்று எழுதுகிறார், மற்றவர் ‘ஓய்வு’ என்கிறார். பறவை அசையாமல் நின்றது, அவ்வளவுதான். உறுமீனுக்காக நிற்பதும் சும்மா நிற்பதும் தூரத்துக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். இதைத் தீர்க்காமல் சேர்த்த தரவு எத்தனை மாத உழைப்பானாலும் நிற்காது.

இருவர் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற ஒப்புதலைப் பலர் சதவீதத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது ஏமாற்றும். 30 விநாடிக்கு ஒன்றாக 100 பதிவுகள் என்று வைத்துக்கொள்வோம். இருவருமே ‘இரை தேடல்’ என்றவை 4, முதலாமவர் மட்டும் சொன்னவை 5, இரண்டாமவர் மட்டும் 3, இருவருமே இல்லை என்றவை 88. ஒப்புதல் 92 சதவீதம்! ஆனால் யாராவது ஒருவர் இரை தேடல் என்று குறித்த 12 இடங்களில் 4-ல்தான் இருவரும் சேர்கிறார்கள். பறவையைப் பார்க்காமலே இதே விகிதத்தில் குறித்திருந்தாலும் 0.09 × 0.07 + 0.91 × 0.93 = 0.8526 ஒத்துவந்திருக்கும். ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் 1960-ல் தந்த ‘கப்பா’ என்ற ஒப்புதல் அளவு இந்தத் தற்செயலைக் கழிக்கிறது: (0.92 − 0.8526) ÷ (1 − 0.8526) = 0.46.

மொத்த எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது இன்னும் மோசம். ஆளுக்கு 9 தடவை, ஆனால் வேறு வேறு நேரத்தில் குறித்திருந்தாலும் நூற்றுக்கு நூறு என்று வரும்.

கப்பா குறைந்தால் முதலில் திருத்த வேண்டியது வரையறையை. ‘இரை தேடல்’ என்று விட்டால் போதாது. அலகு தண்ணீரை நோக்கியிருந்து, கழுத்து முன்னால் நீண்டிருந்தால் இரை தேடல். கழுத்து தோளுக்குள் ஒடுங்கியிருந்தால் ஓய்வு. பறவையின் நோக்கத்தை ஊகிக்காமல், கண்ணுக்குத் தெரியும் உடல்நிலையை எழுதுங்கள்.

இருவரும் ஒரே கோணத்தில், ஆனால் ஒருவர் தாள் மற்றவருக்குத் தெரியாத இடைவெளியில் இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்தால் பேனா அசைவதே துப்புக் கொடுத்துவிடும். இரண்டு கடிகாரமும் விநாடி பிசகாமல் ஓட வேண்டும். 5 விநாடி தள்ளினால் பறக்கும் நொடி அடுத்த கட்டத்தில் விழும். பேசித் தீர்த்த பிறகு கணக்குப் போடக்கூடாது, முதலில் எழுதிய தாளை வைத்தே போட வேண்டும்.

கடைசியாக, கப்பாவால் பிடிக்க முடியாத ஒரு கோளாறு. மாதக்கணக்கில் சேர்ந்து வேலை செய்பவர்கள் இருவருமே மெல்ல வரையறையை விட்டு விலகுவார்கள், சேர்ந்தே விலகுவதால் ஒப்புதல் உயரமாகவே இருக்கும். முதல் வாரத்தில் 10 நிமிட வீடியோ எடுத்துக் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை பழைய தாளைப் பார்க்காமல் அதையே மறுபடி குறித்து, முதல் தாளோடு ஒப்பிடுங்கள்.