எடுத்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்

"அன்னைக்கே அந்தக் கொழுப்பை வெளிய எடுத்திருந்தா அண்ணனுக்கு இப்படி ஆகியிருக்காதுதானே டாக்டர்?" என்று நோயாளியின் தம்பி கேட்டார். "எடுத்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் தம்பி" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவர் 'எடுப்பது' என்று சொன்னது பிளாஸ்மாஃபெரிசிஸ்: ரத்தத்தை ஒரு இயந்திரத்தின் வழியாக ஓடவிட்டு, கொழுப்பு கலந்த திரவப் பகுதியைப் பிரித்து எடுத்துவிடுவது. அந்த எண்ணம் அவருக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அட்மிஷன் அன்று லேபிலிருந்து, "சார், சாம்பிள் ஓடவே மாட்டேங்குது" என்று போன் வந்தது. குழாயை வாங்கிவரப் போனவர் இந்தத் தம்பிதான். கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அடியில் சிவப்பு அணுக்கள் படிந்திருக்க, மேலே பாதிக் குழாய்க்குக் கெட்டிப் பால் போல வெள்ளை. இதுதான் அண்ணன் ரத்தமா என்று கேட்டார். ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 4,600; 150-க்குள் இருக்க வேண்டியது. ஆயிரத்தைத் தாண்டினாலே கணையத்துக்கு ஆபத்து. அந்தக் குழாயைப் பார்த்த யாருக்கும் முதலில் தோன்றுவது, இதை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதுதான்.

அந்தக் கொழுப்பு மற்ற ரிப்போர்ட்களையும் குழப்பிவிட்டது. கணையம் வீங்கினால் ரத்தத்தில் ஏற வேண்டிய அமிலேஸ் என்ற நொதி நார்மல் என்று வந்தது. வயிற்றைத் தொடவிடாமல் சுருண்டு கிடக்கிற மனிதருக்கு நார்மல். லைபேஸ் என்ற இன்னொரு நொதியும் சி.டி. ஸ்கேனும்தான் கணைய அழற்சியை உறுதி செய்தன. சோடியம் 127 என்று பார்த்ததும் ஜூனியர் அதைச் சரிசெய்யத் தயாரானார். பிளட் கேஸ் மெஷினில் போட்டுப் பார்த்தால் 136. சீரத்தில் கொழுப்பு இடத்தை அடைத்துக்கொண்டதால் வந்த பொய்க் குறைவு அது. இதைத் தெரியாமல் உப்புக் கரைசலை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

சரி, பிளாஸ்மாஃபெரிசிஸை ஏன் வேண்டாம் என்றேன்? ஒரே அமர்வில் அளவு பாதிக்குமேல் இறங்கிவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கழுத்திலோ தொடையிலோ பெரிய குழாய் போட வேண்டும். தொற்று, ரத்தக்கசிவு, அலர்ஜி என்று அதற்கும் ஆபத்துகள் உண்டு. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் உறுப்புச் செயலிழப்போ மரணமோ அதனால் குறைந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. வாய்வழி எதுவும் கொடுக்காமல், திரவம் ஏற்றி, இன்சுலின் டிரிப் போட்டாலே அளவு இரண்டு மூன்று நாளில் மளமளவென்று இறங்கும். இன்சுலின், ரத்தத்தில் இருக்கும் கொழுப்பை உடைக்கிற நொதியைத் தூண்டிவிடுகிறது. அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை என்பதால் சர்க்கரை அளவு இறங்கிவிடாமல் இருக்கக் கூடவே டெக்ஸ்ட்ரோஸும் (குளுக்கோஸ்) ஓடியது. ஒவ்வொரு மணி நேரமும் விரலைக் குத்திப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் குத்துவதற்கு இடமில்லாமல் நர்ஸ் விரலை விரலாகத் திருப்பித் தேடிக்கொண்டிருந்தார். "சுகரே இல்லாத ஆளுக்கு எதுக்கு டாக்டர் இது?" என்று தம்பி அப்போதே கேட்டார். விளக்கினேன். புரிந்ததா என்று தெரியாது.

அளவு 500-க்குக் கீழே வந்தது. நாங்கள் குறிவைத்ததும் அதைத்தான். அப்புறம் காய்ச்சல். மறுபடி எடுத்த சி.டி.யில் கணையத்தின் ஒரு பகுதி ரத்த ஓட்டமில்லாமல் செத்துப்போயிருந்தது. அந்த ஸ்கேனை விளக்கியபோதுதான் தம்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

என் பதிலுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ட்ரைகிளிசரைடு உடைந்து வெளிவரும் கொழுப்பு அமிலங்கள்தான் கணையச் செல்களைப் பொசுக்குகின்றன. வலி தொடங்கிப் பல மணி நேரம் கழித்துத்தான் அவரைக் கொண்டுவந்தார்கள். அதற்குள்ளேயே பெரும்பகுதி சேதம் நடந்து முடிந்திருக்கும். எவ்வளவு வேகமாக இறக்கினாலும் செத்த திசு உயிர்க்காது. இப்படி எண்ணிப் பார்த்து நிம்மதி அடைவேன். உடனே இன்னொன்று தோன்றும்: பெரும்பகுதி சேதம் என்றால் மிச்சம்? அன்றிரவே அளவு பாதியாகியிருந்தால் அந்த மிச்சம் தப்பியிருக்குமா? பலன் நிரூபிக்கப்படவில்லை என்பதற்கும் பலனே இல்லை என்பதற்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. நான் அந்தத் தம்பிக்கு அந்த இடைவெளியை மூடிவிட்டுப் பதில் சொன்னேன். "யாராலும் சொல்ல முடியாது தம்பி" என்று சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான். ஆனால் அண்ணனை வென்டிலேட்டரில் விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் படுத்திருப்பவர் அந்த உண்மையை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க என்ன செய்வார்? எடுக்கச் சொல்லி நாம் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டுமோ என்று தன்னையே நொந்துகொள்வார். அந்த எண்ணம் அவரிடம் போய்விடக் கூடாது என்றுதான் உறுதியாகச் சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார், பல வாரங்களுக்குப் பிறகு. ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபீனோஃபைப்ரேட் மாத்திரையும் எண்ணெய் குறைந்த சாப்பாடுமாகப் போகிறது. தம்பிக்கும் வெறும் வயிற்றில் பரிசோதிக்கச் சொன்னேன், குடும்பத்தில் ஓடக்கூடியது என்பதால். அவருக்கும் கூடுதலாகத்தான் இருந்தது. ரிப்போர்ட்டை நீட்டியபோது பழைய பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கொஞ்ச காலம் கழித்து அதே மாதிரி இன்னொரு நோயாளி. குடும்பத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகவே நெப்ராலஜிக்கு (சிறுநீரகப் பிரிவு) போன் செய்து பிளாஸ்மாஃபெரிசிஸ் வேண்டும் என்றேன். காரணம் கேட்டார்கள். லாக்டேட் ஏறுகிறது, கால்சியம் இறங்குகிறது, நோய் தீவிரமாவதன் அடையாளங்கள் என்றேன். அது உண்மைதான். முதல் நோயாளியின் லாக்டேட்டும் லேசாக ஏறித்தான் இருந்தது. இவர் சீக்கிரமே வீடு திரும்பினார். இன்சுலினோடு விட்டிருந்தாலும் திரும்பியிருப்பார் என்றுதான் படிப்பு சொல்கிறது.