கடைசி செமஸ்டரும் வாரணம் ஆயிரமும்

இன்னும் ஒரு தேர்வு பாக்கி. படிப்பதை ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் ‘வாரணம் ஆயிரம்’ பார்த்து முடித்தேன். 2008இல் வந்த படம். கௌதம் மேனன் இயக்கம், ஹாரிஸ் ஜெயராஜ் இசை, அப்பா மகன் இரண்டுமே சூர்யா.

முதலாம் ஆண்டில் ஹாஸ்டலில் பார்த்தபோது எங்களுக்கு அந்த ரயில் காட்சிதான் படம். மகன் சூர்யா கிடாரோடு நாயகி மேக்னா முன்னால் உட்காருவது, அப்புறம் அவளைத் தேடி அமெரிக்கா வரை போவது, இதையே திரும்பத் திரும்பப் போட்டோம். அவள் இறந்த பிறகு வருவதையெல்லாம் ஓட்டிவிடுவோம். இழுவை என்று பேர் வேறு.

இப்போது அந்த இழுவைதான் எனக்குப் பிடிக்கிறது. போதையில் விழுந்தவன் மெல்ல மீண்டு, உடம்பைத் தேற்றி, ராணுவம் வரை போகிறான். அதுவும் மொத்தக் கதையே, அப்பா இறந்த செய்தி கேட்ட மகனின் நினைவு. இதை அப்போது கவனித்தேனா என்றுகூடத் தெரியவில்லை.

நானும் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறேன். செமினார் என்றாலே காய்ச்சல் வரும் ஆள் நான். போன வாரம் வைவாவில் தெரியாத கேள்விக்கு, “தெரியாது சார்” என்று குரல் நடுங்காமல் சொன்னேன். மார்க் போயிருக்கும், போகட்டும்.

அப்பாவிடமும் இப்போது “பணம் வந்துச்சா” என்பதைத் தாண்டிப் பேச முடிகிறது. வேலை இன்னும் அமையாத பயத்தைக்கூடச் சொன்னேன். “வா, பார்த்துக்கலாம்” என்றார். அவர் இந்தப் படத்தை முழுசாகப் பார்த்ததில்லையாம். வீட்டுக்குப் போனதும் உட்கார வைக்க வேண்டும். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். இடைவேளை வரை தூங்காமல் இருப்பாரா என்பதுதான் சந்தேகம்.